மூன்றாம் ஓலை

யேசுதாஸ் எழுந்து நிற்கப் பதினொரு வினாடி தாமதமாகிவிட்டது. தவறு அவருடையதல்ல, வலது முழங்காலுடையது. பதினொரு வினாடிக்கு முன்னால் எழுந்திருந்தால், ஒக்கலிபுரம் தமிழ்ச் சபையில் பிரசங்கத்தைக் கேள்வி கேட்ட முதல் ஆள் என்று பெயர் வாங்கியிருப்பார். தாமதமாக எழுந்ததால், சொந்த மகளின் கல்யாணத்துக்கே தடை சொன்ன முதல் அப்பா என்று பெயர் வாங்கினார்.

நடந்தது இதுதான்.

அந்தச் சபையில் யாரும் எதையும் கேட்கிற வழக்கமே கிடையாது. முந்தைய போதகர் பதினெட்டு வருஷம் பிரசங்கம் செய்தார். தூக்கம் வராத வியாதிக்காரர்கள் ஸ்ரீராமபுரத்திலிருந்தெல்லாம் வந்து குணமாகிப் போனார்கள். வாசல் காவலாளி சாமிநாதனும் சபைக்குத் தோதானவன். அவன் கிறிஸ்தவன் அல்ல. செவ்வாய்க்கிழமை மாரியம்மன் கோயில், ஞாயிற்றுக்கிழமை இங்கே ஸ்கூட்டர் காவல். கேட்டால் பதில் சொல்வான், கேட்காவிட்டால் வாயைத் திறக்கமாட்டான். ஒருமுறை மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி இரண்டு நாள் வழிந்து, ஆர்மோனியம் நனைந்து, தவளை மாதிரி பாடத் தொடங்கியது. "ஏம்பா சொல்லல?" என்றதற்கு, "நீங்க கேக்கலியே சார்" என்றான்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் ஞானசிகாமணி என்ற இளம் போதகர் மாற்றலாகி வந்தார். வந்த வாரமே அறிவித்தார்.

"பிரசங்கம் ஒன்வே ரோடு கிடையாது. முடிஞ்சதும் மூணு நிமிஷம் கேள்வி நேரம். மனசுல பட்டத தாராளமா கேளுங்க."

ஆறு ஞாயிறு கேட்டார். ஆறு ஞாயிறும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மூன்று நிமிஷம் நின்றார். அந்த அமைதியில், பக்கத்துத் தண்டவாளத்தில் போகிற மைசூர் பாசஞ்சருக்கு எத்தனை சக்கரம் என்று சபையார் எண்ணிவிட்டார்கள். ஐந்தாம் வாரம் ஒன்று குறைந்ததாகக்கூடப் பேச்சு.

யேசுதாஸுக்குக் கேள்விகள் இல்லாமல் இல்லை. கோலார் தங்கவயல் சுரங்கத்தில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக முப்பது வருஷம், யார் எத்தனை மணிக்கு வந்தான், ஏன் லேட் என்று கேட்டே சம்பாதித்தவர். ஞாயிறு மத்தியானம் மட்டன் குழம்பின் முன் உட்கார்ந்தால் கேள்வியாகக் கொட்டும். எதிரில் இருப்பவள் மனைவி பாக்கியம் மட்டும்.

"இத என்கிட்ட கேட்டு இன்னாங்க பிரயோஜனம்? அந்த மனுசன் அங்க மூணு நிமிசம் கொக்கு மாதிரி நிக்கிறாரு. அங்க கேளுங்க. சோறு ஆறுது."

அதனால் ஏழாவது ஞாயிறு, துணிந்துவிட்டார். பிரசங்கம் பத்துக் கன்னிகைகளைப் பற்றியது. மணவாளன் வரத் தாமதமாகிறது. விளக்குக்குப் போதிய எண்ணெய் எடுத்துவராத ஐந்து பெண்கள் கடைக்கு ஓடுகிறார்கள். திரும்பி வருவதற்குள் கதவு சாத்தப்படுகிறது. யேசுதாஸுக்கு டைம் ஆபீஸ் ரத்தம் கொதித்தது. கேள்வியை மூன்று தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். முழங்காலைத் தேய்த்துவிட்டார். முன் பெஞ்சின் முதுகைப் பிடித்தார்.

இதற்குள் மூன்று நிமிஷம் முடிந்தது. போதகர் பெருமூச்சு விட்டு, பையிலிருந்து ஓலையை எடுத்தார். ஓலை என்றால் கல்யாண அறிவிப்பு. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் என்று மூன்று ஞாயிறு சபையில் வாசித்தாக வேண்டும்.

"ஒக்கலிபுரம் யேசுதாஸ் அவர்களின் குமாரத்தி மலருக்கும், அடுகோடி பொன்னுரங்கம் அவர்களின் குமாரன் விஜய்குமாருக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இது முதலாம் ஓலை. யாராவது தடை சொல்ல நியாயம் இருந்தால் இப்போதே தெரிவிக்கலாம்."

யேசுதாஸின் முழங்கால் அப்போதுதான் நிமிர்ந்தது. கை தூக்கியபடி நின்றார்.

இருநூற்று முப்பது தலைகள் திரும்பின. ஓலை கேட்க அடுகோடியிலிருந்து வந்த சம்பந்தி பொன்னுரங்கம் இரண்டாம் வரிசையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"தடையா?" என்றார் போதகர்.

"ஐயோ, இல்ல பாஸ்டரய்யா. மாப்ள விஷயமா ஒரு கேள்வி, அவ்ளோதான்."

போதகரின் முகத்தில் ஏழு வார தாகம் தீர்ந்தது. "கேளுங்க! தாராளமா கேளுங்க!"

"மாப்ள அவ்ளோ லேட்டா வந்தாரே, அத ஏன் யாரும் தட்டிக் கேக்கல? பொண்ணுங்க மேல மட்டும் பழியப் போட்டா என்ன நியாயம்?"

வேதாகமப்படி மிக நல்ல கேள்வி. ஆனால் நவம்பரில் நடந்த நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் மூன்று மணி நேரம் தாமதமாக வந்தது சபைக்கே தெரியும். விருந்துக்கு வந்தவர்கள் காத்திருந்து காத்திருந்து பாயசத்தை மட்டும் குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். பொன்னுரங்கம் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுரங்கத்தில் ஃபோர்மேனாக இருந்தவர். அவர் கண்ணாடி துடைத்தால் மேலே சுரங்க வாயில் கூண்டுக் கயிறு இழுப்பவன்கூட நடுங்குவான் என்று தங்கவயலில் சொல்வார்கள்.

போதகர் குறிப்பேட்டில், "தடை அல்ல, கேள்வி" என்று எழுதிக்கொண்டார். முதல் ஓலை செல்லும். ஆனால் சம்பந்தி ஆசீர்வாதம் முடிந்ததும் டீ குடிக்காமல் போய்விட்டார்.

இந்தக் கல்யாணத்தில் நாள் தள்ளிப்போட இடமே கிடையாது. பிப்ரவரி பதினைந்து, திங்கட்கிழமை கல்யாணம். பதினேழாம் தேதி சாம்பல் புதன். அன்றிலிருந்து ஈஸ்டர் வரை லெந்து என்ற நோன்புக்காலம். சபையில் கல்யாணம் செய்துவைக்கமாட்டார்கள். விஜய்குமார் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. இரண்டாயிரம் வருஷம் பிறக்கும்போது உலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் புத்தி பேதலிக்கும் என்று சொன்னார்கள். வைத்தியம் பார்க்க மார்ச் முதல் வாரம் அவனை அமெரிக்கா அனுப்புகிறார்கள். மலரும் கூடப் போவதாக ஏற்பாடு. அவளுக்கும் விசா வந்து பாஸ்போர்ட் பீரோவில் இருந்தது. மாப்பிள்ளை எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிக்கிறவர் என்று யேசுதாஸுக்கு ஒரே பெருமை.

மறுநாளே ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு அடுகோடிக்குப் போனார்.

"சம்பந்தி, நான் பைபிள்ல வர்ற மாப்ளய கேட்டேன். உங்க வீட்டு மாப்ளய இல்ல."

"புரிஞ்சுது," என்றார் பொன்னுரங்கம். "அப்ப நாங்க மூணு மணி நேரம் லேட்டா வந்தத நீங்க மனசுல வெச்சுக்கல?"

"சேச்சே! அத நான் அன்னிக்கே மறந்துட்டேன். அதுவும் மூணு மணி நேரமெல்லாம் இல்ல. ரெண்டு மணி அம்பத்திரண்டு நிமிஷந்தான்."

உள்ளேயிருந்து சம்பந்தி அம்மாள் ஆரோக்கியமேரியின் குரல் வந்தது. "கேட்டியாடா விஜி? நிமிசத்தக்கூட எழுதி வெச்சிருக்காரு!"

"அது தொழில் பழக்கங்கம்மா..."

"சம்பந்தி," என்றார் பொன்னுரங்கம். "மூணு ஓலையும் முறையா முடியட்டும். முடிஞ்சா திங்கக்கிழம கல்யாணம். ஒண்ணு கொறஞ்சாலும், பையன் அமெரிக்கா போயிட்டு வந்தப்பறம் பாத்துக்கலாம்."

"எப்ப வருவாரு?"

"ரெண்டு வருஷம்."

மைசூர்பாகைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

வீட்டுக்கு வந்து மலரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் முறுக்கு கடித்தபடி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுப்பா. சும்னே பேஜாராகாதீங்க" என்றாள். பெண்ணுக்கு என்ன விசுவாசம் என்று அவர் கண் கலங்கியது.

யோசனை சொன்னவர் சபைச் செயலாளர் ஆம்ப்ரோஸ்.

"தாஸு, நீ ஒருத்தன் மட்டும் கேட்டதாலதான் அது குத்திக் காட்டின மாதிரி ஆயிடுச்சு. வர்ற ஞாயிறு பத்து பேர் கேட்டா, இவங்க சபையில இது சகஜம் போலன்னு உன் சம்பந்தி நெனச்சுக்குவாரு."

"யாரு கேப்பாங்க அண்ணே? ஆறு வாரமா ஒருத்தரும் வாயத் தொறக்கலியே."

"அத என்கிட்ட உடு."

ஆம்ப்ரோஸ் எட்டு பேரைப் பிடித்து ஆளுக்கொரு கேள்வி எழுதிக் கொடுத்தார். பாதுகாப்பான கேள்விகள். பேழையின் நீளம் எத்தனை முழம், யோர்தான் நதி எந்தப் பக்கம் பாய்கிறது, இந்த மாதிரி.

இரண்டாம் ஞாயிறு. பிரசங்கம், சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பிய கெட்ட குமாரனைப் பற்றி. முதல் ஆளாக ஞாயிறு பள்ளி ஃபாத்திமா டீச்சர் எழுந்தார். ஆம்ப்ரோஸ் கொடுத்த சீட்டைப் பார்த்தார். மடித்துக் கைப்பையில் போட்டார்.

"பாஸ்டரய்யா, முப்பத்தோரு வருஷமா இந்தக் கதைய பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறேன். மகன் திரும்பி வந்தான், அப்பா ஓடிப் போய்க் கட்டிப் புடிச்சாரு. சரி. அவங்கம்மா எங்க?"

போதகர் வேதாகமத்தைத் திறந்து பார்த்தார். மூடினார். "எனக்குத் தெரியல டீச்சர்," என்றார். "நான் யோசிச்சதே இல்ல."

பிரசங்க மேடையிலிருந்து தெரியல என்ற வார்த்தையை அந்தச் சபை கேட்டது அன்றுதான் முதல் தடவை. கட்டடம் இடிந்து விழவில்லை. அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் தைரியம் வந்துவிட்டது.

"எங்க இருப்பா? அடுப்படியிலதான்!" என்றாள் பாக்கியம், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "கொழுத்த கன்னுக்குட்டிய அடிச்சு விருந்து வெய்யின்னு அவரு பாட்டுக்குச் சொல்லிட்டாரு. அறுத்து, கழுவி, ஆக்கி எறக்கணுமே!"

பெண்கள் பக்கம் முழுவதும் சிரித்தது. பிறகு ஆண்கள் பக்கமும். வீட்டோடு இருந்து உழைத்த மூத்த மகனுக்கு ஏன் ஒரு ஆட்டுக்குட்டிகூடக் கிடைக்கவில்லை என்று கேட்ட ஒரு மூத்த மகன் நடுவில் அழுதேவிட்டார். அவருடைய தம்பி நாலு பெஞ்ச் தாண்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். இருவரும் ஒன்பது வருஷமாகப் பேசிக்கொள்ளாதவர்கள். ஒருவர், செயற்குழு உட்காரும் இடத்துக்கு மேலே மட்டும் மின்விசிறி ஏன் ஓடுகிறது என்று கேட்டார். ஆம்ப்ரோஸ் எழுந்து போய் அதை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

யேசுதாஸுக்கு மெய் சிலிர்த்தது. மட்டன் குழம்பின் முன் தனியாகக் கேட்டதெல்லாம் இத்தனை பேர் மனதிலும் இருந்திருக்கிறதே!

அப்போது வாசல் கதவு திறந்தது. பன்னிரண்டு மணிக்கு அதே கட்டடத்தில் கன்னட ஆராதனை. மணி பன்னிரண்டே முக்கால். கன்னடச் சபையார் பைபிளும் குடையுமாக வெயிலில் நின்றிருந்தார்கள்.

"ஆய்த்தா, சார்? முடிஞ்சுதா?" என்று அவர்களில் ஒருவர் மிகுந்த அன்போடு கேட்டார்.

போதகர் பதறிப்போய் ஆசீர்வாதம் சொல்லி எல்லோரையும் அனுப்பினார். அங்கியைக் கழற்றும்போதுதான் பையில் ஏதோ நெருடியது. எடுத்துப் பார்த்தார்.

இரண்டாம் ஓலை.

அன்று மாலை போதகர் வீட்டில் யேசுதாஸ், பாக்கியம், ஆம்ப்ரோஸ் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். போதகர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்.

"மன்னிச்சுக்குங்க, என் தப்புதான். மூணு ஓலை இல்லாம கல்யாணம் நடத்த மூணு விதிவிலக்கு இருக்கு. ஒண்ணு, பேராயரோட விசேஷ அனுமதி. அவர் வெளிநாடு போயிருக்காரு, ஈஸ்டருக்குத்தான் வருவாரு."

"ரெண்டாவது?"

"சட்டப்படி ஏற்கெனவே பதிவுத் திருமணம் பண்ணிக்கிட்டவங்களுக்கு ஓலை வேணாம். ஜெபம் பண்ணி ஆசீர்வதிச்சாலே போதும்."

"பாஸ்டரய்யா!" யேசுதாஸ் எழுந்தேவிட்டார், முழங்காலையும் மறந்து. "எங்க குடும்பத்துல அந்த மாதிரி திருட்டுத்தனமெல்லாம் கெடையாது. மூணாவத சொல்லுங்க."

"யாராவது மரணப்படுக்கையில இருந்தா."

 மற்ற மூவரும் யேசுதாஸைப் பார்த்தார்கள்.

"ஒரு வாரம் படுத்தா போதும் தாஸு," என்றார் ஆம்ப்ரோஸ். "எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு."

"படுக்கிறது ஒண்ணும் அவருக்குக் கஷ்டமில்ல," என்றாள் பாக்கியம். "மட்டன் இல்லாம இருப்பாரா, அதக் கேளுங்க."

போதகர் மறுபடி வாசித்துப் பார்த்தார். "இல்ல. மணமகனோ மணமகளோதான் மரணப்படுக்கையில இருக்கணும். அப்பா இருந்தா செல்லாது."

யேசுதாஸுக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் துக்கம்.

போதகர் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். "வர்ற ஞாயிறு ரெண்டாம் ஓலையையும் மூணாம் ஓலையையும் ஒண்ணா வாசிக்கிறேன். சபை ஒருமனதா ஒத்துக்கணும். ஆனா ஒருத்தர் ஒரே ஒரு கேள்வி கேட்டாலும் நான் நிறுத்திடுவேன். கேள்வி கேளுங்கன்னு சொன்னவனே நான்தானே. பதில் சொல்லாம தாண்டிப் போக மாட்டேன்."

அந்த வாரம் யேசுதாஸ் வீடு வீடாக ஏறி இறங்கினார். வாயைத் திறக்க வைத்தவரே வாயை மூடச் சொல்லிக் கெஞ்சினார்.

"வர்ற ஞாயிறு மட்டும் ஒண்ணும் கேக்காதீங்க."

"ஏன்?" என்று எல்லோரும் கேட்டார்கள்.

அதற்குப் பதில் சொல்வதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு டம்ளர் காபி. அறுபத்து நாலு வீடு. யேசுதாஸ் அந்த வாரம் முழுவதும் கண்ணையே மூடவில்லை என்று பாக்கியம் இன்றைக்கும் சாட்சி சொல்வாள். ஃபாத்திமா டீச்சர் மட்டும் நோட்டுப் புத்தகம் ஒன்றைக் காட்டினார். நாற்பது பக்கம் நிரம்பியிருந்தது.

"ஒரு வாரம் பொறுத்துக்கறேன் யேசுதாஸ். மலருக்காக. அடுத்த வாரத்துலேர்ந்து பாஸ்டரு பாடு."

மூன்றாம் ஞாயிறு. பிரசங்கம் முடிந்தது. போதகர் இரண்டு ஓலைகளையும் சேர்த்துக் கையில் பிடித்து, நடந்ததைச் சொன்னார்.

"இவற்றை ஒன்றாக வாசிக்கச் சபைக்குச் சம்மதமா? யாருக்காவது கேள்வி உண்டா?"

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நிமிஷம்.

முதல் நிமிஷம் போனது. யாரோ ஒருவர் தும்மினார், அவர் பெண்டாட்டி அவர் வாயைப் பொத்தினாள். இரண்டாம் நிமிஷம் போனது. மைசூர் பாசஞ்சர்கூட அன்று சத்தமில்லாமல் போனதாகச் சொல்கிறார்கள்.

மூன்றாம் நிமிஷத்தின் நடுவில் இரண்டாம் வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

பொன்னுரங்கம்.

யேசுதாஸுக்கு அப்போதுதான் உறைத்தது. அறுபத்து நாலு வீடு ஏறியவர், அடுகோடிக்குப் போகவில்லை.

"கேள்வியா?" என்றார் போதகர்.

"கேள்வி இல்லீங்க," என்றார் பொன்னுரங்கம். "பதில்."



"ரெண்டு வாரம் முந்தி என் சம்பந்தி ஒரு கேள்வி கேட்டாரு. மாப்ள ஏன் லேட்டா வந்தான்னு. எனக்கு ஆத்திரமா வந்துச்சு. வீட்டுக்குப் போய் அந்த அதிகாரத்த எடுத்து வெச்சுப் படிச்சேன். ரெண்டு வாரமா படிக்கிறேன். மாப்ள லேட்டுன்னு போட்டிருக்கு, ஏன்னு போடல. ஞாயமான கேள்விதான் கேட்டிருக்காரு." கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, பையில் வைத்துக்கொண்டார். "நாங்க நிச்சயத்துக்கு லேட்டா வந்தப்ப ஒசூர் ரோட்டுல கரும்பு லாரி கவுந்துடுச்சு. மெனக்கெட்டு சமாதானம் சொல்லணுமான்னு கௌரவம் பாத்துட்டு, ஏன்னு நான் சொல்லல. கௌரவம் பாத்து அவரும் கேக்கல. அந்த மணவாளனுக்கும் வழியில ஏதோ கவுந்திருக்கும். நின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அஞ்சு பொண்ணுங்க வெளிய நின்னிருக்க மாட்டாங்க. அவ்ளோதான். ஓலைய வாசிங்க."

போதகர் நாலு வருஷம் இறையியல் படித்தவர். இப்படியொரு விளக்கத்தை எந்தப் பேராசிரியரும் சொல்லவில்லை என்று பிற்பாடு ஒத்துக்கொண்டார். இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை, இரண்டையும் ஒரே மூச்சில் வாசித்தார். 

யாரும் எதுவும் கேட்கவில்லை. "ஆமென்" என்று இருநூற்று முப்பது பேரும் சொன்ன சத்தத்தில், வெளியே காத்திருந்த கன்னடச் சபையாரும் என்னவென்று தெரியாமலே "ஆமென்" என்றார்கள்.

வெளியே வெயில். பொன்னுரங்கம் இரண்டு டம்ளர் டீ குடித்தார். யேசுதாஸ் தோளில் கை போட்டு, "நாளைக்குக் காலைல ஒம்பது மணின்னா, எட்டே முக்காலுக்கு வந்து நிப்போம். உங்க வாட்ச்ச நீங்களே பாத்துக்குங்க" என்றார். பாக்கியமும் ஆரோக்கியமேரியும் மல்லிகைப்பூக் கணக்குப் பேசினார்கள். மலரும் விஜய்குமாரும் வேப்பமரத்தடியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பிள்ளைகளுக்குத்தான் எத்தனை பொறுமை என்று யேசுதாஸ் நினைத்தார். மூன்று வாரமாகத் தலையில் இருந்த அம்மிக்கல்லை யாரோ இறக்கி வைத்தது போலிருந்தது. முழங்கால்கூட வலிக்கவில்லை.

கேட்டுக்கு வந்தார். சாமிநாதன் ஸ்கூட்டர்களுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். மகிழ்ச்சி தாங்காமல் அவன் கையில் ஒரு லட்டைத் திணித்தார்.

"சாமிநாதா, உலகத்துல எல்லாரும் கேள்வி கேட்டு முடிச்சாச்சு. நீ ஒருத்தன்தான் பாக்கி. உனக்கு ஏதாவது கேக்கணுமா? தாராளமா கேளு!"

சாமிநாதன் லட்டைப் பார்த்தான். யோசித்தான். பதினாறு வருஷத்தில் அவனிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"ஒண்ணே ஒண்ணு சார்," என்றான். "போன மாசம் மலரம்மாவும் மாப்பிள்ளையும் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் பண்ணிக்கிட்டப்ப நான் சாட்சிக் கையெழுத்து போட்டேனே, அதுவே போதுமா, இல்ல நாளைக்கும் ஒருவாட்டி வந்து போடணுமா?"